வாசிக்கிறவரே வாத்தியார்

(ஆம்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாக்ஸபோன் பற்றிப் பேச ஆம்பூரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அந்தக் கருவிக்குள்ளேயே இந்த ஊரின் தொழில் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாக்ஸபோன் பித்தளைக் குழாய். உடம்பெல்லாம் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி. மூடியின் உட்பக்கத்தில் வட்டமாக ஒரு பேடு உட்கார்ந்திருக்கும். அடியில் அட்டை, அதன்மேல் ஃபெல்ட், அதற்கும் மேலே இழுத்துப் போர்த்திய மெல்லிய தோல். பெரும்பாலும் ஆட்டுக்குட்டித் தோல். ஒரு ஆல்டோ சாக்ஸபோனில் இப்படி இருபதுக்கு மேற்பட்ட பேடுகள் உண்டு. வாசிக்கிறவரின் மூச்சில் உள்ள ஈரம் தோலில் இறங்கும், பிறகு காயும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிப் பட்டால் தோல் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்க அதைக் கையால் தொட்டுச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறீர்கள். தோல் விறைத்துவிட்டால் மூடிக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அதில் காற்று கசிந்தால் கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள் பிடிவாதமாக வர மறுக்கும்.

இந்த ஊரில் ஒரு பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிக்கும் ஒருவர் தன் கருவியைப் பழுது பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அறையை இருட்டாக்கிவிட்டு, ஒயரில் கட்டிய சின்ன பல்பைக் குழாய்க்குள் இறக்கினார். மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அங்கேதான் கசிவு. பழைய பேடைச் சூடுகாட்டி எடுத்தார். ஷூ கம்பெனியில் லைனிங்குக்குப் போடுகிற ஆட்டுத்தோலின் கழிவுத் துண்டு ஒன்று வைத்திருந்தார். பகலில் அவருக்கு அங்கே ஸ்கைவிங் வேலை. தோலின் ஓரத்தைச் சீவிச் சீவி மெலிதாக்குவதுதான் பிழைப்பு. அதே கையால் அந்தத் துண்டை வெங்காயச் சருகு போலச் சீவி, ஃபெல்ட்டின் மேல் இழுத்துக் கட்டி, அரக்கை உருக்கி மூடிக்குள் பதித்தார். மறுபடியும் பல்பை இறக்கினார். வெளிச்சம் தெரியவில்லை. அன்று இரவு மாப்பிள்ளை ஊர்வலம் இருந்தது.

அவர் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் நான்கைந்து பையன்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அவர்தான் வாத்தியார். ஊருக்கு அவர் பேண்டுக்காரர். இந்த இரண்டு அழைப்புக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சாக்ஸபோன் வாசிக்கிறவரின் வாழ்க்கை உலகம் முழுவதும் இரண்டு காலில்தான் நிற்கிறது. ஒரு கால் வாசிப்பு, மற்றது கற்பிப்பு. நாம் இரண்டாவது காலுக்கு நிற்க இடம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடால்ஃப் சாக்ஸ் 1814-ல் பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் பிறந்தவர். கருவி செய்யும் குடும்பம். பாரிசுக்குப் போய் 1846-ல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டுக்கு உரத்த நாதம் வேண்டும், மர ஊதுகருவிகளின் குழைவும் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1857-லிருந்து பாரிஸ் இசைக்கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்கு அவரே கற்பித்தார். 1870-ல் போர் வந்தது, வகுப்பு மூடப்பட்டது. அதே கல்லூரியில் சாக்ஸபோன் வகுப்பு மறுபடி திறந்தது 1942-ல், மார்செல் ம்யூல் ஆசிரியராக வந்தபோது. எழுபத்திரண்டு வருஷம்! அந்த இடைவெளியில் கருவி சாகவில்லை. பேண்டுகளில் வாழ்ந்தது, சர்க்கஸில் வாழ்ந்தது, பிறகு அமெரிக்காவின் கறுப்பின மக்கள் கையில் ஜாஸ் என்ற பெரிய கலையாகவே ஆகிவிட்டது. கல்லூரி கதவைச் சாத்தியிருந்த காலத்தில் வாசிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் வாத்தியாராக இருந்தார்கள்.

நம் நாட்டுக்கும் பேண்டு வழியாகத்தான் இந்த வாத்தியங்கள் வந்தன. பட்டாளத்தோடு கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வந்தன. சமஸ்தானங்கள் தங்களுக்கென்று பேண்டு வைத்துக்கொண்டன. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார் என்பது இசை படித்தவர்களுக்குத் தெரியும். அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். இன்றைக்கும் சின்னக் குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேண்டு இசையைக் கேட்டு முகம் சுளிக்காமல், அதில் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்த காது அது.

மைசூர் அரண்மனை பேண்டில் ஒருவர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட ஒரு பையனின் வாழ்க்கை திசை மாறியது. அவர் கத்ரி கோபால்நாத். 1949 டிசம்பர் 6-ல் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாகஸ்வர வித்வான். பையனும் அப்பாவிடம் நாகஸ்வரம்தான் கற்றுக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் நாதத்தைக் கேட்டதும் இதுதான் என் வாத்தியம் என்று தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த நாளுக்கும் கர்நாடக இசை அதில் முழுமையாக வசப்பட்ட நாளுக்கும் நடுவே ஏறக்குறைய 20 வருஷம்.

ஏன் அத்தனை காலம்? நாகஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் இருக்கிறது. விரலைக் கொஞ்சம் விலக்கலாம், உருட்டலாம், பாதி மூடலாம். சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அதனால்தான் தோடியின் காந்தாரம் அந்த அசைவோடு அங்கே அவ்வளவு இயல்பாக வருகிறது. சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே மூடியும் நெம்புகோலும் இருக்கின்றன. மூடி திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். ஸ்வரங்கள் படிக்கட்டாக நிற்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் கீழுதடு, தாடை, தொண்டை, மூச்சு எல்லாம் சேர்ந்து விரல் செய்ய முடியாததைச் செய்ய வேண்டும். ஒரு கமகம் கைகூட மாதக்கணக்கில் ஆகும். கோபால்நாத் கருவியிலும் தனக்கேற்ற சில மாற்றங்களைச் செய்துகொண்டார். அதைவிடப் பெரிய மாற்றம் அவருடைய வாய்க்குள் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். மங்களூர் கலாநிகேதனத்தின் என். கோபாலகிருஷ்ண ஐயர். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன். டி.வி.ஜி. வாய்ப்பாட்டுக்காரர், மிருதங்க வித்வானும்கூட. சாக்ஸபோனில் எந்த மூடியை எப்போது அழுத்துவது என்று சொல்லித்தரும் புத்தகம் உலகில் ஆயிரம் உண்டு. கோபால்நாத்துக்குத் தேவைப்பட்டது வேறு. குரு ஒரு சங்கதியைப் பாட வேண்டும். சிஷ்யன் அது தன் கருவியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். கருவி தெரியாத குருவிடம் கருவிக்காரன் கற்றுக்கொள்ளும் இந்த முறை நம்முடைய பெரிய சொத்து. நாகஸ்வரத்துக்குப் பாட்டு வாத்தியார், வீணைக்குப் பாட்டு வாத்தியார் என்று காலம் காலமாக நடந்து வந்ததுதான்.

1980-ல் பம்பாயில் ஜாஸ் விழா. கோபால்நாத் வாசித்தார். கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஜான் ஹேண்டி அதைக் கேட்டார். சாதாரண ஆள் இல்லை. சார்லஸ் மிங்கஸ் குழுவில் ஆல்டோ வாசித்தவர், உஸ்தாத் அலி அக்பர் கானோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டவர், சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். நானும் சேர்ந்து வாசிக்கலாமா என்று அவரே முன்வந்து கேட்டார். இருவரும் மேடையில் சேர்ந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகுதான் உலக மேடைகள் கோபால்நாத்துக்குத் திறந்தன. 1994-ல் லண்டன் பி.பி.சி. ப்ராமனேட் கச்சேரி. அதே வருஷம் கே. பாலசந்தரின் 'டூயட்'. ஏ.ஆர். ரஹ்மான் இசை. திரையில் பிரபு வாசிக்கிறார், நாம் கேட்டது கோபால்நாத்தின் மூச்சு. அந்த வருஷத்துக்குப் பிறகு நம் கல்யாண வீடுகளில் சாக்ஸபோன் இல்லாத பேண்டை யாரும் கூப்பிடவில்லை என்று பழைய பேண்டு மாஸ்டர்கள் சொல்வார்கள். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11-ல் மங்களூரில் காலமானார்.

ஹேண்டி அந்தக் கச்சேரியில் எதைக் கண்டுகொண்டார்? ஜாஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். ஒரு தெரிந்த மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலும் 32 தாளக்கட்டுகள் கொண்ட மெட்டு. பிறகு அதன் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக அந்த 32-ஐயும் திரும்பத் திரும்பச் சுற்றி, அங்கேயே, அப்போதே புது மெட்டு கட்டுவார்கள். கடைசியில் எல்லாரும் மூல மெட்டுக்குத் திரும்புவார்கள். நம்முடைய கல்பனாஸ்வரத்தில் பல்லவியின் எடுப்புக்கு வந்து விழுகிறோமே, அந்தப் பொறுப்பும் அந்தச் சுதந்திரமும் அங்கேயும் உண்டு. ஹேண்டிக்கு ராகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதிரில் ஒருவர் முன்கூட்டி எழுதாததை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இதற்கும் முன்னால் ஒரு சம்பவம். 1958-ல் ஜாஸ் கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் நால்வர் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் சென்னைக்கு வந்தது. அவர்களுடைய டிரம்மர் ஜோ மொரெல்லோ மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்தார். குழுவின் ஆல்டோ கலைஞர் பால் டெஸ்மண்ட் அடுத்த வருஷம் ஐந்து எண்ணிக்கையில் ஓடும் 'டேக் ஃபைவ்' என்ற மெட்டைச் செய்தார். உலகெங்கும் அது புகழ்பெற்றது. நம் கண்ட சாப்புக்காரர்களுக்கு ஐந்து ஒன்றும் புதிதில்லை. சென்னைப் பயணத்தால்தான் அது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு உலகமும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள முடிந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இனி ஜாஸ்காரர்களின் வாழ்க்கைக்கு வருகிறேன். சார்லி பார்க்கர், 1920-ல் கான்சாஸ் நகரில் பிறந்தவர். ஆல்டோ வாசிப்பை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரிக்கலாம். பள்ளி வயதில் பெரியவர்களோடு வாசிக்கப் போய், தாளம் தவறி அவமானப்பட்டார். டிரம் வாசித்த ஜோ ஜோன்ஸ் தன் ஜால்ராத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் எறிந்ததாகச் சொல்வார்கள். 1937 கோடையில் ஒரு மலைப்பகுதி விடுதியில் வாசிக்கப் போனபோது சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கையோடு எடுத்துப்போனார். ஒவ்வொரு சுரமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். திரும்பி வந்தபோது அவர் வேறு ஆள். மூன்று நான்கு வருஷம் தினமும் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் சாதகம் செய்ததாகப் பின்னால் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். கேட்டவர் இதே பால் டெஸ்மண்ட். நம்மிடமும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டே வளர்ந்த நாகஸ்வரக்காரர்கள் உண்டு. இசைத்தட்டும் வாத்தியார்தான். ஆனால் அது நம் தவறைத் திருத்தாது. பார்க்கர் 1955-ல், 34 வயதில் இறந்தார். பக்கத்தில் இருந்து கண்டிக்க ஒரு நல்ல வாத்தியார் அமைந்திருந்தால் அந்த வாழ்க்கை நீண்டிருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அவரைப் பார்த்து வளர்ந்தவர் ஜாக்கி மெக்லீன். 1931-ல் பிறந்தவர். நான் மிகவும் மதிக்கும் கலைஞர். அந்தக் காலத்தில் நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க காவல்துறை தரும் அட்டை வேண்டும். போதை வழக்கில் மாட்டினால் அட்டை போய்விடும். மெக்லீனுக்குப் போயிற்று. நியூயார்க் ஜாஸ் கலைஞனுக்கு நியூயார்க் கிளப்பில் வாசிக்க அனுமதி இல்லை என்றால் அடுப்பு எப்படி எரியும்? போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர், 1960-களின் கடைசியில் ஹார்ட்ஃபோர்டு நகரில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். பாடத்திட்டத்தையே கட்டியெழுப்பினார். கறுப்பின மக்களின் இசை வரலாறு தெரியாமல் அந்தக் கருவியைத் தொடாதே என்பது அவர் வகுப்பின் அடிப்படை. 1970-ல் மனைவி டாலியோடு சேர்ந்து, ஏழைப் பிள்ளைகள் வாழும் பகுதியில் ஒரு கலை மையத்தையும் திறந்தார். இசை, நடனம், நாடகம் எல்லாம் அங்கே கற்றுத்தந்தார்கள். கடைசிவரை மேடையிலும் வாசித்தார். 2000-ல் பல்கலைக்கழகம் அந்த ஜாஸ் துறைக்கே அவர் பெயரை வைத்தது. 2006-ல் காலமானார்.

ஒருகாலத்தில் போலீஸ் அட்டை இல்லாமல் கிளப் வாசலில் நின்றவர் அவர். வேறு எங்காவது ஒரு குமாஸ்தா வேலை தேடிக்கொண்டிருந்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு கிடைத்திருக்காது. அவர் கையில் இருந்த அறிவை ஒரு நகரம் வீணாக்காமல் வாங்கிக்கொண்டது.

நியூயார்க்கில் இன்றும் பெரும்பாலான ஜாஸ் கலைஞர்களின் மாதக் கணக்கு இதுதான். கச்சேரிப் பணத்தில் வாடகை கொடுக்க முடியாது. வாரத்தில் சில நாள் பாடம் எடுப்பார்கள், மீதி நாளில் வாசிப்பார்கள். பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் 1945-ல் தொடங்கிய பள்ளிதான் பிறகு பெர்க்லி இசைக்கல்லூரி ஆயிற்று. இப்படி வாசிக்கிறவர்களே ஆசிரியர்களாக உள்ள இடங்கள் வந்த பிறகு, அந்தக் கலை ஆள் மாறினாலும் அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த பெர்க்லியில் ஒரு மாணவர் ருத்ரேஷ் மகந்தப்பா. தென்னிந்தியப் பெற்றோரின் மகன், 1971-ல் இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் கொலராடோவில் வளர்ந்தவர். பார்க்கரின் வாசிப்பில் ஊறிய ஆல்டோ கலைஞர். பெயரையும் நிறத்தையும் பார்த்து, உனக்கு இந்திய இசை தெரியுமே என்று ஆளாளுக்குக் கேட்பார்களாம். அவருக்கோ தெரியாது. அண்ணன் விளையாட்டாக ஓர் இசைத்தட்டு வாங்கிக் கொடுத்தார். அது கத்ரி கோபால்நாத்தின் இசைத்தட்டு. போட்டுக் கேட்டவர் அசந்துபோனார். தன் கையில் உள்ள அதே ஆல்டோ, தனக்கு எட்டாத ஒன்றைப் பேசுகிறது. சில வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்து கோபால்நாத்தோடு உட்கார்ந்தார். 2008-ல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். வயலின் ஏ. கன்யாகுமாரி, மிருதங்கம் பூவளூர் ஸ்ரீஜி, கிடார் ரெஸ் அப்பாஸி. இரண்டு ஆல்டோவும் அடுத்தடுத்து வரும்போது கவனித்துக் கேளுங்கள். ஒருவர் சுரத்தை வளைத்து வருவார், மற்றவர் வெட்டி வருவார். கொஞ்ச நேரத்தில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிரிக்க முடியாமல் போகும். மகந்தப்பா 2016 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பிரிவின் இயக்குநர். மங்களூரில் ஒரு வாத்தியார் ஒரு பையனுக்குச் சொன்ன பாடத்தின் ஒரு கிளை இப்போது பிரின்ஸ்டன் வகுப்பறையில் இருக்கிறது.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. கிடார் பிரசன்னா ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு, அதை விட்டுப் பெர்க்லிக்குப் போய் இசை படித்தவர். கர்நாடக இசையில் அவருடைய குருமார்களில் ஒருவர் இதே கன்யாகுமாரி அம்மா. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரோடும் தபலா கலைஞர் நிதின் மித்தாவோடும் சேர்ந்து 2011-ல் 'தீர்த்தா' தொகுப்பைத் தந்தார். அந்த விஜய் ஐயரும் மகந்தப்பாவும் நெடுநாள் கூட்டாளிகள். ஐயர் 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். பிரசன்னா 2010-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஸ்வர்ணபூமி என்ற இசைப்பள்ளியைத் தொடங்கினார். இவர்களில் வாசிப்பதை மட்டும் செய்தவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நம் பேண்டுக்காரரிடம் வருவோம். அவருக்கு என்ன தெரியும்? நேற்று வெளியான பாட்டை இன்று மதியம் செல்போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டு, இரவு ஊர்வலத்தில் வாசிக்கத் தெரியும். டிரம்பெட் அதே மெட்டை எடுத்தால் தான் கீழே இறங்கி வேறு சுரத்தில் துணை போகத் தெரியும். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட ஆரம்பித்தால் சரணத்தை நீட்டி, நடையை மாற்றி, அவர்கள் ஓயும்போது பல்லவிக்குக் கொண்டுவந்து முடிக்கத் தெரியும். இதையெல்லாம் நடந்துகொண்டே, பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் பட்டாசுப் புகைக்கும் நடுவில் செய்கிறார். பெர்க்லி போன்ற கல்லூரிகளில் காதுப் பயிற்சி என்று தனி வகுப்பே உண்டு. அங்கே வருஷக்கணக்கில் மாணவர்களிடம் எதிர்பார்ப்பதில் பாதி இவரிடம் ஏற்கனவே இருக்கிறது. இல்லாதது எழுத்து முறை, நல்ல நீண்ட மூச்சுக்கான ஒழுங்கான சாதகம், ராகத்தைத் தனியாக விரித்துப் பார்க்கும் அவகாசம். இவை கற்கக்கூடியவை.

அவருக்கு வருமானம் முகூர்த்த நாளில் மட்டும்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ரம்ஜான் மாதத்தில் இல்லை. மழை வந்தால் ஊர்வலம் இல்லை. டி.ஜே. வண்டி வந்ததிலிருந்து பேண்டு செட்டுக்கு அழைப்பே குறைந்துவிட்டது. அதனால்தான் சாக்ஸபோன்காரர் ஸ்கைவிங் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த வேலை எவ்விதத்திலும் தாழ்ந்ததில்லை. ஆனால் ஊரில் ஐந்தாறு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒரு வித்தை அவர் கையில் இருக்கும்போது, அதைக் கேட்டு வாங்க ஒருவரும் இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். இந்தப் பகுதியில் தோலைத் தொட்டவர்களும் பறை, பேண்டு வாசித்தவர்களும் பெரும்பாலும் ஒரே தெருக்களிலிருந்து வந்தவர்கள். தோலைத் தொட்ட கையை ஒதுக்கிய சமூகம்தான், அதே கை செய்த மிருதங்கத்தை மேடைக்கு ஏற்றியது. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பேண்டுக்காரரை வாத்தியார் என்று கூப்பிட நமக்கு நாக்கு எழாததற்கு இசைக் காரணம் எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் வாடிக்கையாளராக உள்ளே வர அனுமதி இல்லாத அரங்குகளில் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். இன்று அவர்களுடைய இசைக்குப் பல்கலைக்கழகங்களில் துறைகள் உண்டு. தானாக நடந்துவிடவில்லை. மெக்லீன் போன்றவர்கள் மேஜையைத் தட்டிக் கேட்டார்கள், கேட்டதைக் கொடுக்கச் சில நிர்வாகிகளும் இருந்தார்கள்.

நம் அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள் உண்டு. நல்ல பாடங்கள், நடக்கட்டும். சாக்ஸபோனும் கிளாரினெட்டும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் நிலைநாட்டி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. டூயட் வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. பாடத்திட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் இப்போது மொட்டை மாடிக்கு வரும் பையன்களுக்குத் தாடி நரைத்துவிடும். பள்ளிகளால் இப்போதே முடியும். குடியரசு தினத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அலமாரியிலிருந்து டிரம்மையும் பியூகிளையும் எடுத்துத் தூசி தட்டும் பள்ளிகள் இந்த ஊரில் எத்தனை? அந்தப் பேண்டை வருஷம் முழுக்க நடக்கும் வகுப்பாக மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. நான் ஆசிரியர் வேலையில் முடி நரைத்தவன். ஒரு பாடவேளையை எங்கே கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியும்.

வகுப்பு எப்படி நடக்கலாம் என்று இந்த ஊர் பேண்டுக் கலைஞர்களோடு உட்கார்ந்து பேசினேன். ஆரம்பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஆல்டோ போதும். மவுத்பீஸும் ரீடும் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டும். அது சுகாதாரம். ரீடு என்பது நாணல் வகைத் தட்டையைச் சீவிச் செய்வது, சீவாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். முதல் சில மாதம் ஒரே சுரத்தை ஆடாமல் அசையாமல் நீட்டிப் பிடிப்பது மட்டும். சலிப்பாக இருக்கும், தப்ப முடியாது. கூடவே வாயால் சரளி வரிசை பாட வேண்டும். பாட வராதது கருவியில் வராது. பிறகு பிள்ளைகளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்று, காதால் கேட்டு எடுக்க வேண்டும். எழுதிக்கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு மோகனம் மாதிரி ஐந்து சுர ராகம் ஒன்றைக் கொடுத்து, நான்கு ஆவர்த்தனத்துக்குள் உன் இஷ்டம்போல் வாசித்துவிட்டு எடுப்புக்கு வா என்று சொல்லலாம். அங்கேயிருந்து ஜாஸுக்கும் வழி உண்டு, கல்பனாஸ்வரத்துக்கும் வழி உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருக்க வேண்டும். இந்த ஊர் பேண்டு செட்டில் இதுவரை ஒரு பெண் சாக்ஸபோன் வாசித்து நான் பார்த்ததில்லை. ஷூ கம்பெனி வண்டிகளில் தினமும் போய் வரும் அம்மாக்களின் பெண்கள் ஏன் வாசிக்கக் கூடாது?

சத்தம் பற்றி ஒரு தலைமையாசிரியர் கவலைப்பட்டார். நியாயமான கவலை. நியூயார்க்கில் சோனி ராலின்ஸ் என்ற டெனர் மேதை, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று 1959 முதல் இரண்டு வருஷத்துக்கு மேல் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று சாதகம் செய்தார். வெயில், பனி எதையும் பார்க்கவில்லை. திரும்பி வந்து 1962-ல் வெளியிட்ட தொகுப்புக்குத் 'தி பிரிட்ஜ்' என்றே பெயர் வைத்தார். நமக்குப் பாலாறு இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகத்தான் கிடக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே நான்கு சாக்ஸபோன் ஒலித்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

சம்பளம் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணிக்கணக்கில் கூலி கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு சம்பளம் வேண்டும், குறிப்பாக ஆடியிலும் மார்கழியிலும். முகூர்த்த நாளில் அவர் வாசிக்கப் போனால் லீவு கொடுக்க வேண்டும். வாசிப்பதை நிறுத்திவிட்டால் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒரு கலைஞரைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை.

இங்கே மூன்று பள்ளிகளின் நிர்வாகிகள் வந்திருக்கிறீர்கள், தோல் தொழிலில் உள்ள பெரியவர்களும் இருக்கிறீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பு தொடங்க வேண்டுமானால் கருவிகளுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். புதிது வாங்கலாம், ஆனால் நல்ல பழைய கருவி எது, எதில் கசிவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல நம் பேண்டுக் கலைஞர்கள் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். இதில் கைகொடுக்க நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அவசரமாகக் கிளம்பிவிடாமல் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். அந்தக் கலைஞர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து பேசிவிடலாம்.